சித்தூர், திருப்பதியில் பாசன நிலம் விற்பனைக்கு: வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

"5 ஏக்கர் செம்மண் பூமி, 2 போர், சொட்டுநீர், 200 மாமரம். தோப்புக்கும் ஏற்றது, கடலை, தக்காளிக்கும் ஏற்றது. சென்னையிலிருந்து 3 மணி நேரம்." இப்படி ஒரு விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம்.

சென்னை, வேலூர், பெங்களூரு மூன்றுக்கும் நடுவில் இருக்கும் சித்தூர், திருப்பதி மாவட்டங்கள், வார இறுதி விவசாயம் பற்றி யோசிக்கும் ஐடி ஊழியர்களுக்கு இயல்பாகவே கண்ணில் படும் இடம். ஆனால் நிலத்தின் அழகு ஒரு மதியத்தில் தெரிந்துவிடும், அதன் சிக்கல் தெரிய ஒரு வருடம் ஆகலாம். அந்த ஒரு வருடத்தில் உங்கள் சேமிப்பு முழுவதும் மாட்டிக்கொண்டிருக்கும்.

எனவே நான்கு கேள்விகள். நான் வாங்கலாமா? விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா? தண்ணி உண்மையிலேயே இருக்கிறதா? வருமானம் வருமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தமிழ்நாட்டுக்காரர் ஆந்திராவில் விவசாய நிலம் வாங்கலாமா?

வாங்கலாம். மகாராஷ்டிரத்தைப் போல 'விவசாயிதான் விவசாய நிலம் வாங்க வேண்டும்' என்ற நிபந்தனை ஆந்திராவில் இல்லை. கர்நாடகாவில் அப்படி ஒரு தடை இருந்தது. 2020-ல் அதைத் தளர்த்தினார்கள்.

ஆனால் இரண்டு வரம்புகள் உண்டு.

முதலாவது, உச்சவரம்பு. 1973-ம் ஆண்டு ஆந்திர நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, ஐந்து பேர் வரை உள்ள ஒரு குடும்பம் நன்செய் என்றால் 10 முதல் 27 ஏக்கர் வரை, புன்செய் என்றால் 35 முதல் 54 ஏக்கர் வரைதான் வைத்திருக்கலாம். நிலத்தின் தரத்தைப் பொறுத்து இந்த எண் மாறும்.

இரண்டாவது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கானது. நீங்கள் சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் என்ஆர்ஐ என்றால், அந்நியச் செலாவணி விதிகளின்படி இந்தியாவில் வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். 'அம்மா பேரில் வாங்கிடலாம்' என்று நினைப்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர்.

ஆவணத்தை எப்படிப் படிப்பது?

பத்திரம் தெலுங்கில் இருக்கும். பயப்பட வேண்டாம். சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவாகும் வரை அதன் பெரும்பகுதி வடஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. 1953 வரை மெட்ராஸ் மாகாணம். திருத்தணி 1960-ல்தான் இங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. அதனால் வருவாய்த் துறைச் சொற்களில் பாதி உங்களுக்குத் தெரிந்தவையே: பட்டா, அடங்கல், புறம்போக்கு, ஆயக்கட்டு, தாசில்தார், சென்ட்.

மீதிச் சொற்களுக்கு ஒரு சின்ன அகராதி:

• மெட்ட: புன்செய்
• மாகாணி: நன்செய்
• தோட்ட: தோப்பு
• செருவு: ஏரி
• வங்க: ஓடை
• கௌலு ரைத்து: குத்தகை விவசாயி
• 1-பி: யார் பெயரில் எவ்வளவு நிலம் என்று காட்டும் உரிமைப் பதிவேடு. நம் சிட்டாவுக்கு நெருக்கமானது.
• டி.கே.டி.: அரசு ஒப்படைத்த நிலம். இதைப் பற்றிக் கீழே விரிவாக.

1-பி, அடங்கல், புல வரைபடம் மூன்றையும் அரசின் 'மீபூமி' இணையதளத்தில் பார்க்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் எடுக்கலாம். அடங்கலில் உரிமையாளர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அனுபவத்தில் இருப்பவர் யார், நீர் ஆதாரம் என்ன, என்ன பயிர் என்ற விவரங்களும் அதில் இருக்கும். விளம்பரத்தில் '2 போர்', அடங்கலில் 'மானாவாரி' என்றால் அங்கேயே ஒரு கேள்வி எழ வேண்டும். ஆந்திர அரசு பருவம்தோறும் செய்யும் 'இ-கிராப்' பயிர்ப் பதிவையும் கேளுங்கள். கடந்த சில வருடங்களில் அந்த சர்வே எண்ணில் உண்மையில் என்ன விளைந்தது என்பதை அது சொல்லும்.

இன்னொரு சிக்கல். 2020 டிசம்பரில் ஆந்திராவில் ட்ரோன் உதவியுடன் நில மறு அளவை தொடங்கியது. அது முடிந்த கிராமங்களில் பழைய சர்வே எண்ணுக்குப் பதில் 'எல்பிஎம்' எண் வந்துவிட்டது. பழைய பத்திரத்தில் ஓர் எண், புதிய பதிவேட்டில் இன்னோர் எண். சில இடங்களில் பரப்பளவும் மாறியிருக்கிறது. இரண்டும் ஒரே நிலம்தானா, அளவு குறைந்திருக்கிறதா என்பதை மண்டல சர்வேயரை வைத்து அளந்து பார்த்த பிறகே பணம் பேசுங்கள்.

விலை குறைவு என்றால் முதலில் கேட்க வேண்டியது: டி.கே.டி. நிலமா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

நிலமில்லாத ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலத்தை ராயலசீமையில் டி.கே.டி. நிலம் என்பார்கள். நம்மூர் 'கண்டிஷன் பட்டா' மாதிரி. 1977-ம் ஆண்டின் ஆந்திர ஒப்படைப்பு நில (மாற்றத் தடை) சட்டப்படி இதை விற்பதும் செல்லாது, வாங்குவதும் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், வாங்கியவருக்குத் தண்டனையும் உண்டு. 1954 ஜூன் 18-க்கு முன் ஒப்படைத்த நிலங்களில் பொதுவாக இந்த விற்பனைத் தடை நிபந்தனை இருக்காது. அதனால்தான் எந்த வருடம் ஒப்படைத்தது என்ற கேள்வி இங்கே முக்கியம்.

2023-ல் சட்டத்தைத் திருத்தி, ஒப்படைத்து 20 ஆண்டுகள் ஆன நிலங்களுக்கு முழு உரிமை தர வழி செய்தார்கள். 'ஃப்ரீ ஹோல்டு' என்று புரோக்கர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் 2024-ல் ஆட்சி மாறிய பிறகு, முறைகேடு நடந்ததாகச் சொல்லி இந்த நிலங்களின் பதிவை அரசு நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூலை 21 இரவு, பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியின் சப் கலெக்டர் அலுவலகத்தில் தீப்பிடித்து நில ஆவணங்கள் எரிந்தன. அரசு சதியைச் சந்தேகித்து விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆக, 'ஃப்ரீ ஹோல்டு ஆகிடுச்சு சார்' என்ற வாய்மொழியை நம்பி அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்கீழ் பதிவு செய்யக் கூடாத நிலங்களின் பட்டியல் இருக்கிறது. அரசு நிலம், ஒப்படைப்பு நிலம், கோயில், வக்ஃபு நிலம், உச்சவரம்பு உபரி நிலம் எல்லாம் அதில் வரும். பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். திருப்பதி சுற்றுவட்டாரத்தில் இது இன்னும் முக்கியம். தேவஸ்தானம், ஹாதிராம்ஜி மடம், பல சிறு கோயில்கள் என்று சமய நிறுவனங்களின் நிலம் அங்கே பரவிக் கிடக்கிறது.

'சுக்கல பூமுலு' என்ற சொல்லும் காதில் விழலாம். 'புள்ளி நிலம்' என்று பொருள். பழைய மறு நிலவரித் திட்டப் பதிவேட்டில் உரிமையாளர் பெயருக்குப் பதில் வெறும் புள்ளிகள் வைத்த நிலங்கள் இவை. இவற்றைச் சரிசெய்ய 2017-ல் தனிச் சட்டமே வந்தது. சரிசெய்த உத்தரவு கையில் இல்லை என்றால் விலகி நில்லுங்கள்.

குடும்பச் சொத்து என்றால் மகள்களின் கையெழுத்தையும் கேளுங்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கு ஆந்திரா 1985-லேயே பங்கு கொடுத்துவிட்டது. பவர் பத்திரத்தை மட்டும் வைத்து நிலம் வாங்கினால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

'பாசன வசதி உண்டு' என்றால் எவ்வளவு தண்ணி?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள்.

சித்தூர் பகுதியில் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். ஆனால் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. பாலாறு, பொன்னை, சொர்ணமுகி எல்லாம் மழைக்கால ஆறுகள். எனவே பாசனம் என்றால் பெரும்பாலும் போர்தான். அடியில் இருப்பதோ கெட்டிப் பாறை. தண்ணி பாறை வெடிப்புகளில்தான் இருக்கும். பக்கத்து நிலத்தில் வந்தது உங்கள் நிலத்தில் வரும் என்று சொல்ல முடியாது. 1,000 அடி வரை இறக்கியும் புழுதி மட்டும் வந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

'ரெண்டு இஞ்ச் தண்ணி' என்பார்கள். அது குழாயின் அளவா, 'வி' வடிவப் பலகையில் வழியும் நீரின் உயரமா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. வி பலகையில் 1 இஞ்ச் என்றால் மணிக்குச் சுமார் 500 லிட்டர். 2 இஞ்ச் என்றால் 1,000 லிட்டர் அல்ல, சுமார் 2,900. 3 இஞ்ச் என்றால் கிட்டத்தட்ட 8,000. ஒரு இஞ்ச் கூடும்போது தண்ணீர் பல மடங்கு கூடுகிறது. எனவே இஞ்ச் கணக்கை விட்டுவிட்டு லிட்டரில் கேளுங்கள்.

நீங்களே அளக்கலாம். 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, மோட்டார் இரண்டு, மூன்று மணி நேரம் ஓடிய பிறகு எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். 3 நிமிடம் ஆனால் மணிக்கு 4,000 லிட்டர். ஆந்திராவில் விவசாயத்துக்குப் பகலில் 9 மணி நேர மின்சாரம் தருவதாக அரசு சொல்கிறது. அது முழுதாக வந்தால் ஒரு நாளைக்கு 36,000 லிட்டர்.

இது எத்தனை ஏக்கருக்குப் போதும்? ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் தண்ணி நிற்க 4,047 லிட்டர் வேண்டும். நிலக்கடலைக்கு ஒரு பருவத்துக்கு 500 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். 110 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்குச் சுமார் 18,000 லிட்டர். அதாவது, மழையே இல்லாத பருவத்தில் அந்த போர் 2 ஏக்கர் கடலையைத்தான் தாங்கும்.

மாமரத்துக்குக் கணக்கு வேறு. 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம். சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 80 லிட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 3,200 லிட்டர். அதே போர் 11 ஏக்கர் தோப்பைத் தாங்கும். விளம்பரத்தில் 'தோப்புக்கும் ஏற்றது, கடலை, தக்காளிக்கும் ஏற்றது' என்று ஒரே மூச்சில் எழுதிவிடலாம். தண்ணீர் அப்படிச் சொல்லாது.

அளக்கும் மாதமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பரில் எல்லா போரும் நன்றாகத்தான் ஓடும். ஏப்ரல், மே மாதத்தில் போய் அளந்து பாருங்கள்.

புதுசா போர் போட்டுக்கலாமே? ஆந்திராவின் 2002-ம் ஆண்டு நீர், நிலம், மரங்கள் சட்டப்படி அனுமதி வேண்டும். பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 250 மீட்டருக்குள் போர் போட முடியாது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிவிட்டதாக அறிவித்த கிராமங்களில் புதிய பாசனப் போருக்கு அனுமதி கிடைப்பதே கடினம். இருக்கும் போரின் மின் இணைப்பு எண் யார் பெயரில் இருக்கிறது, உங்கள் பெயருக்கு மாறினால் இலவச மின்சாரம் தொடருமா என்பதையும் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின் விநியோக நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

'கால்வாய் வரப்போகுது' என்கிறார்களே?

ஹந்திரி-நீவா திட்டம் ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்திலிருந்து 40 டிஎம்சி கிருஷ்ணா நீரை இறைத்து, ராயலசீமையில் சுமார் 6 லட்சம் ஏக்கருக்குக் கொடுக்கும் திட்டம். அதன் குப்பம் கிளைக் கால்வாயில் 2024 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் ஜெகன் மோகன் ரெட்டி தண்ணீர் திறந்துவைத்தார். 2025 ஆகஸ்டில் முதல்வர் சந்திரபாபு நாயுடு அதே குப்பத்தில் கிருஷ்ணா நீருக்கு ஆரத்தி எடுத்தார். ஒரே கால்வாய், இரண்டு விழாக்கள். வரப்போகும் தண்ணீருக்கு இன்றே விலை கொடுக்க வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஏரிகள் நிரம்பினால் சுற்றுப்புற போர்களுக்கு நல்லதுதான். ஆனால் அது உங்கள் நிலத்தின் உரிமை ஆகாது.

காளஹஸ்தி, சத்தியவேடு பக்கம் வேறொரு கால்வாய் ஓடுகிறது. கண்டலேறிலிருந்து பூண்டிக்கு வரும் தெலுங்கு கங்கை. சென்னையில் இருப்பவர்கள் குடிக்கும் தண்ணீர் அது. நிலத்தின் ஓரத்தில் கால்வாய் ஓடுவதால் மட்டும் அதில் மோட்டார் வைக்கும் உரிமை வந்துவிடாது. உங்கள் சர்வே எண் ஏதாவது திட்டத்தின் ஆயக்கட்டில் பதிவாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மாந்தோப்பா, கடலை தக்காளியா?

சித்தூர் மாம்பழம் என்றாலே தோத்தாபுரி. நம்மூரில் பெங்களூரா, கிளிமூக்கு. இங்கே விளைவதில் பெரும்பகுதி பழக்கூழ் ஆலைகளுக்குப் போகிறது. அதாவது, விலையை முடிவு செய்வது சந்தையில் பழம் வாங்கும் குடும்பம் அல்ல. போன வருடக் கூழ் கிடங்கில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதுதான்.

2025-ல் இது வெடித்தது. விளைச்சல் அதிகம், ஆலைகளில் பழைய கூழ் தேக்கம். பங்காருபாளையம் உள்ளிட்ட சந்தைகளில் லாரிகள் வரிசையில் நின்றன. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய், அரசு மானியம் 4 ரூபாய், மொத்தம் 12 ரூபாய் என்று ஆந்திர அரசு நிர்ணயித்தது. அந்த 8 ரூபாயும் கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் போராடினார்கள். வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் வரத் தடை போட்டதால் கர்நாடக முதல்வர் சித்தராமையா கடிதம் எழுதும் அளவுக்குப் போனது.

விளம்பரத்தில் வந்த 5 ஏக்கர், 200 மரத்தை வைத்துப் பார்ப்போம். ஏக்கருக்கு 4 டன் என்று வைத்தால் 20 டன். 12 ரூபாய்க்கு 2.4 லட்சம். மானியம் வராவிட்டால் 1.6 லட்சம். இதில் மருந்து, உழவு, காவல், அறுவடைக் கூலி, லாரி வாடகை எல்லாம் போக வேண்டும். புதிதாக நடுகிறீர்கள் என்றால் ஒட்டுக்கன்று ஓரளவு காய்க்கவே 4, 5 வருடம் ஆகும். அதுவரை மரங்களுக்கு நடுவே கடலை, கொள்ளு என்று ஊடுபயிர் போடுவதுதான் இந்த ஊர் வழக்கம்.

தக்காளி நேரெதிர். சில மாதங்களிலேயே பணம், அல்லது நஷ்டம். 2023 ஜூலையில் மதனப்பள்ளி சந்தையில் கிலோ 200 ரூபாயை நெருங்கியது நினைவிருக்கும். அதே சந்தையில் பறிகூலிக்கும் தேறாத விலை வந்த மாதங்களும் உண்டு. கரும்புக்கு ஆலை வேண்டும். சித்தூர் கூட்டுறவு ஆலையும், ரேணிகுண்டா அருகே காஜுலமண்டியம் கூட்டுறவு ஆலையும் மூடப்பட்ட பிறகு பலருக்கு வெல்லம் காய்ச்சுவதே வழி. கடலை இந்தச் செம்மண்ணுக்குப் பழகிய பயிர். திருப்பதியில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் அதற்கான ரகங்களை உருவாக்கி வருகிறது. மண் பரிசோதனைக்கும் பயிர் யோசனைக்கும் புரோக்கரைவிட அங்கே போவது நல்லது.

இதில் எந்தப் பயிரும் வார இறுதியில் மட்டும் வருபவருக்காகக் காத்திருக்காது. அங்கேயே இருந்து பார்க்க ஆள் வேண்டும். ஏற்கெனவே குத்தகைக்கு ஒருவர் பயிர் செய்கிறார் என்றால் அவரிடம் நேரில் பேசுங்கள். 2019-ம் ஆண்டு சட்டப்படி உரிமையாளர் சம்மதத்துடன் 11 மாத ஒப்பந்தம் போட்டு அவருக்குச் சாகுபடி அட்டை வாங்கித் தரலாம். நில உரிமை உங்களிடமே இருக்கும், அவருக்குப் பயிர்க்கடன் கேட்க வழி கிடைக்கும். நிலத்தை உண்மையில் அறிந்தவரும் அவர்தான். தண்ணி எந்த மாதம் நிற்கும் என்று விற்பவர் சொல்லாததை அவர் சொல்வார்.

யானையும் சாலையும்

குப்பம், பலமநேரி பக்கம் என்றால் கௌண்டின்யா சரணாலயம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மா, கரும்பு, வாழை, நெல் எல்லாம் யானை விரும்பி வரும் பயிர்கள். தொல்லை அதிகமானதால் 2025 மே மாதம் கர்நாடகத்திடமிருந்து கும்கி யானைகளையே ஆந்திரா வாங்கியது.

பெங்களூரு–சென்னை விரைவுச் சாலையும், சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலையும் இந்தப் பகுதி வழியாகப் போகின்றன. 'ஹைவே பக்கம்' என்பது விலையை ஏற்றும். ஆனால் உங்கள் சர்வே எண்ணே சாலைக்கான கையகப்படுத்தல் அறிவிக்கையில் இருந்தால்? தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3-டி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும்.

எவ்வளவு செலவு, என்ன வரி?

• ஆந்திராவில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5%, மாற்று வரி 1.5%, பதிவுக் கட்டணம் 1%. மொத்தம் 7.5%. தமிழ்நாட்டில் இது 9%.
• வீட்டுக் கடன் விவசாய நிலத்துக்குக் கிடைக்காது. கைப்பணம் அல்லது வேறு கடன்தான்.
• 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவது வருமான வரிச் சட்டப்படி தவறு. அட்வான்ஸையும் வங்கி வழியாகவே கொடுங்கள்.
• விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டினால், உங்கள் சம்பளத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட அதையும் சேர்ப்பார்கள்.
• பிற்பாடு விற்கும்போது 'கிராமப்புற விவசாய நிலம்' என்றால் மூலதன ஆதாய வரி இல்லை. 2011 கணக்கெடுப்பில் சித்தூர், திருப்பதி இரண்டு நகரங்களின் மக்கள்தொகையும் 1 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் இடையில். எனவே அவற்றின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும்.
• பிஎம் கிசான், அன்னதாதா சுகீபவ போன்ற உதவித்தொகைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வருமான வரி கட்டுபவர்களுக்கு அவை கிடையாது.

எந்த வரிசையில் செய்வது?

1. சர்வே எண்ணையும் எல்பிஎம் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.
2. 22-ஏ பட்டியல், 1-பி, அடங்கல், வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே பாருங்கள். இதற்கு ஒரு மாலை போதும்.
3. உள்ளூர் வழக்கறிஞரிடம் தாய்ப் பத்திரம் முதல் எல்லாவற்றையும் கொடுத்துக் கருத்து வாங்குங்கள். விற்பவரோ புரோக்கரோ சொல்லும் வழக்கறிஞர் வேண்டாம்.
4. மண்டல சர்வேயரை வைத்து அளந்து, நிலத்துக்குப் போகும் பாதை யாருடையது என்று உறுதி செய்யுங்கள்.
5. கோடையில் ஒரு நாள் முழுக்க நின்று தண்ணீரை லிட்டரில் அளங்கள்.
6. பயிர் செய்பவரிடமும் பக்கத்து நிலக்காரரிடமும் தனியாகப் பேசுங்கள்.
7. இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் எழுத்து ஒப்பந்தம் போட்டு, வங்கி வழியாக அட்வான்ஸ்.
8. பதிவு முடிந்ததும் பட்டாதார் பாஸ்புத்தகத்தில் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள்.

இந்த எட்டையும் முடிக்க மூன்று, நான்கு மாதம் ஆகலாம். 'நாளைக்கே வேற பார்ட்டி வர்றாங்க' என்று அவசரப்படுத்தினால், அந்த நிலம் அந்தப் பார்ட்டிக்கே போகட்டும்.